தேதியில்லாத பழைய மின்னஞ்சலை முகவரியை வைத்தே வாசிப்பது எப்படி

போன மாதம் அண்ணன் மகள் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஒரு கல்லூரி நூலகத்தில் பழைய தாள்களுக்கு அட்டவணை போடும் வேலை அவளுக்கு. பெட்டிக்குள் இருந்தவை ஒரு பேராசிரியர் விட்டுப்போன காகிதங்கள். எழுபதுகளின் கடைசியில் ஆராய்ச்சிக்காக அமெரிக்கா போய், பத்துப் பன்னிரண்டு வருடம் அங்கேயும் இங்கேயுமாக இருந்தவர் அவர். இரண்டு ஓரமும் ஓட்டை போட்டு, மடிந்து மடிந்து வருமே கணினித் தாள், அதில் அச்சடித்த மின்னஞ்சல்கள் ஏறக்குறைய நூறு. பாதிக்குமேல் தேதி இருந்த இடம் கிழிந்திருந்தது, இல்லையென்றால் மை மங்கிப்போயிருந்தது.

"சித்தப்பா, இதில் முகவரி என்று இருப்பதே முகவரி மாதிரி இல்லையே. நடுவில் எதற்கு இத்தனை ஆச்சரியக்குறி? எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது?" என்றாள்.

ஓர் ஆய்வு நிறுவனத்தின் கணினி அறையில் இருபது வருடம் காவல் காத்தவன் நான். தபால் போகவில்லை என்றால் முதலில் என்னைத்தான் திட்டுவார்கள். அந்த உரிமையில் இரண்டு மதியம் அவளோடு உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தேன். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். பழைய ஆய்வேட்டின் முதல் பக்கத்திலோ கட்டுரையின் அடிக்குறிப்பிலோ இப்படி ஒரு முகவரியைப் பார்த்து விழித்தவர்களுக்கு உதவும்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர்த் தபால் முகவரியில் "வத்தலக்குண்டு வழி" என்று எழுதுவோம் இல்லையா? அந்த "வழி"தான் இங்கே சாவி. இன்றைய மின்னஞ்சல் முகவரியில் ஆளும் வீடும் மட்டும் இருக்கும், வழியைக் கண்டுபிடிப்பது கணினிகளின் பாடு. எண்பதுகளின் பாதிவரை பெரும்பாலானவர்களுக்கு அந்த வசதி இல்லை. எந்த ஊர் வழியாக, எந்தெந்த பஸ் மாறிப் போகவேண்டும் என்பதை அனுப்புகிறவரே முகவரியில் எழுதவேண்டும். ஆகவே பழைய முகவரியை வாசிப்பது என்றால் பயணச் சீட்டை வாசிப்பது என்று வைத்துக்கொள்ளலாம். எந்தக் குறி எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். காலம் தானாகத் தெரியும்.

எடுத்துக்காட்டுகளில் நிஜ ஆட்களின் முகவரியைப் போடப்போவதில்லை. கணினிகளுக்கு நம் ஆறுகளின் பெயரையும், ஆளுக்குச் செல்வி என்ற பெயரையும் வைத்துக்கொள்கிறேன். அசல் தாள்களில் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும்.

குறியே இல்லாத முகவரி

பெயரோ எண்ணோ மட்டும் இருந்து, எந்தக் கணினி என்ற பேச்சே இல்லை என்றால் அது ஒரே கணினிக்குள் போன கடிதம். 1965-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பில் டாம் வான் விளெக்கும் நோயல் மோரிஸும் எழுதிய மெயில் கட்டளை இந்த வகைதான். பலர் ஒரே பெரிய கணினியைத் தொலைவிலிருந்து பயன்படுத்தினார்கள், ஒருவர் விட்ட குறிப்பு இன்னொருவரின் கோப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். அலுவலகத்தில் அடுத்தவர் மேசைமேல் சீட்டு வைப்பது போலத்தான். இந்த வகைத் தாள் உங்களுக்குக் கிடைப்பது அபூர்வம். எங்கள் பெட்டியில் ஒன்றுகூட இல்லை.

@ இருந்தால் அதன் இருபக்கமும் பாருங்கள்

1971 கடைசியில், மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில், பிபிஎன் நிறுவனத்தில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் இரண்டு நிரல்களை ஒட்டவைத்தார். ஒன்று ஒரே கணினிக்குள் குறிப்பு விடும் எஸ்என்டிமெசேஜ். மற்றொன்று கணினிக்குக் கணினி கோப்பை நகர்த்தும் சிபிஒய்நெட். ஒட்டினால் அடுத்த கணினியில் இருப்பவரின் பெட்டியிலும் கடிதத்தைப் போடலாம். அவர் சோதித்த இரண்டு பிடிபி-10 கணினிகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றவை, ஆனால் அவற்றுக்கு இடையில் இருந்த ஒரே தொடர்பு, இன்றைய இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் வலைப்பின்னல்தான். முதல் கடிதத்தில் என்ன எழுதினார் என்பது அவருக்கே ஞாபகம் இருந்ததில்லை. விசைப்பலகையின் மேல்வரிசை எழுத்துகளை வரிசையாகத் தட்டியிருப்பேன் என்பார்.

ஆளையும் கணினியையும் பிரிக்க, பெயர்களில் வராத ஒரு குறி வேண்டும். அவர் கையிலிருந்த டெலிடைப் 33 விசைப்பலகையில் @ இருந்தது, பி எழுத்தின் தலைமேல். நம் மளிகைக்கடை பில்லில் "5 கிலோ @ 12 ரூபாய்" என்று போடுவார்களே, அதே விலைக்குறி. ஆங்கிலத்தில் அதை "அட்" என்று வாசிப்பதால் "இன்னார், இந்தக் கணினியில்" என்று பொருளும் வந்துவிட்டது.

அட்டவணை போடுகிறவர்களுக்கு வேண்டிய விஷயம் இதற்கு அடுத்ததில் இருக்கிறது. எம்ஐடியின் மல்டிக்ஸ் அமைப்பில் @ தட்டினால் அதுவரை அடித்த வரி முழுவதும் அழிந்துபோகும், "இந்த வரி வேண்டாம்" என்பதற்கான விசை அங்கே அதுதான். பாவம், அவர்கள் பிறருக்கு முகவரி எழுதப்போனால் முகவரியே காணாமல் போய்விடும். அதனால் அந்தக் குறிக்குப் பதிலாக "அட்" என்ற ஆங்கிலச் சொல்லையே இருபக்கம் இடைவெளி விட்டு எழுதும் வழக்கமும் நடந்தது. 1977-ல் வந்த ஆர்எஃப்சி 733 என்ற விதித்தொகுப்பு இரண்டையும் செல்லும் என்றது. 1982 ஆகஸ்டில் டேவிட் கிராக்கர் எழுதிய ஆர்எஃப்சி 822 சொல்லை நீக்கிவிட்டுக் குறியை மட்டும் வைத்தது. ஆகவே "செல்வி அட் காவிரி" என்று சொல்லாகவே எழுதியிருந்தால் அந்தத் தாளை 1982-க்கு முந்தைய அடுக்கில் வையுங்கள். பெட்டியில் எங்களுக்கு இப்படி ஆறு தாள் கிடைத்தன, பேராசிரியர் அமெரிக்கா போன புதிதில் எழுதியவை.

அடுத்து @-க்கு வலப்பக்கம் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். புள்ளி இல்லாமல், இடையில் சிறுகோடு மட்டும் போட்ட ஒற்றைப் பெயர் என்றால் ஆர்ப்பாநெட்டின் ஆரம்பகாலப் பாணி. அப்போது வலைப்பின்னலில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லரின் குழு அந்தப் பட்டியலைப் பராமரித்தது. மற்றவர்கள் அவ்வப்போது அதன் நகலை எடுத்துவந்து தங்கள் கணினியில் போட்டுக்கொள்வார்கள். ஊருக்கே ஒரு வாக்காளர் பட்டியல் மாதிரி. பெயரின் கடைசியில் ".ஆர்ப்பா" என்று வால் ஒட்டியிருந்தால் 1983-ஐ ஒட்டிய சில வருடங்கள், பட்டியலிலிருந்து புதிய முறைக்கு மாறிய காலத்துத் தற்காலிக வால் அது. ".காம்", ".எடு" என்று முடிந்தால் 1985 அல்லது அதற்குப் பிறகு. ".இன்" என்று முடிந்தால் 1989-க்கு முன்னால் இருக்க வாய்ப்பே இல்லை, இந்தியாவுக்கு அந்த வால் கிடைத்ததே அந்த வருடம்தான்.

இந்த இடத்தில் அவள் நிறுத்தி, வாட்ஸாப்பில் வருடா வருடம் வரும் கேள்வியைக் கேட்டாள். "மின்னஞ்சலைக் கண்டுபிடித்தது ஒரு தமிழர் என்கிறார்களே?" சிவா அய்யாதுரை 1978-ல் பள்ளி மாணவராக இருந்தபோது நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்துக்காக அலுவலகக் கடிதப் போக்குவரத்து நிரல் ஒன்றை எழுதினார், அதற்கு "ஈமெயில்" என்று பெயர் வைத்தார், 1982-ல் அந்த நிரலுக்குப் பதிப்புரிமை பதிவு செய்தார். இவ்வளவும் உண்மை. ஆனால் அந்த நிரல் பிறப்பதற்கு ஏழு வருடம் முன்பே வலைப்பின்னலில் @ போட்ட கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. பதிப்புரிமை என்பது எழுதிய நிரலுக்குக் கிடைப்பது, கருத்துக்குக் கிடைப்பதில்லை. இந்தியப் பெயர் வேண்டுமென்றால் நான் அபய் பூஷணைச் சொல்வேன். ஐஐடி கான்பூரின் முதல் அணியில் படித்து, எம்ஐடி போய், 1971 ஏப்ரலில் எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற விதியை எழுதியவர். அடுத்த வருடம் அதில் கடிதத்துக்கென்று கட்டளைகள் சேர்ந்தன. பத்து வருடம் ஆர்ப்பாநெட் கடிதங்கள் அந்த வண்டியில்தான் சவாரி செய்தன. அவரைப் பற்றி யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

ஆச்சரியக்குறி: இங்கேதான் நேரம் செலவழியுங்கள்

பெட்டியில் பாதிக்குமேல் இந்த வகைதான். பார்க்க இப்படி இருக்கும்:

காவிரி!வைகை!பொருநை!செல்வி

இடமிருந்து வலமாக வாசியுங்கள். என் கணினி முதலில் காவிரியைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுக்கும். காவிரி தன் பெயரைக் கிழித்துப் போட்டுவிட்டு, மிச்சத்தை வைகையிடம் கொடுக்கும். வைகை பொருநையிடம். பொருநையில் செல்வியின் பெட்டி. அந்தக் குறியை அமெரிக்கர்கள் "பேங்" என்பார்கள். ஆக இது பேங் பாதை.

ஆர்ப்பாநெட்டில் சேர அரசாங்கத்தின் அனுமதி வேண்டும், பெரும் செலவு. பேங் பாதையில் கடிதம் சுமந்த யூயூசிபி என்ற நிரலுக்கு யூனிக்ஸ் இயங்குதளம் ஓடும் ஒரு கணினி, ஒரு மோடம், ஒரு தொலைபேசி லைன் போதும். பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் எழுதிய அந்த நிரல், 1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு சேர்ந்தே எல்லோருக்கும் போனது. பகலில் தொலைபேசிக் கட்டணம் அதிகம் என்பதால் கடிதங்களைச் சேர்த்துவைத்து, ராத்திரி கட்டணம் குறைந்ததும் கணினிகள் ஒன்றையொன்று கூப்பிட்டுக் கைமாற்றிக்கொள்ளும். ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒரு தாவலுக்கு ஓர் இரவு என்றால் ஆறு தாவலுக்கு எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் எட்டு, பத்துத் தாவல் சாதாரணம், ஒரு கடிதம் போய்ச் சேர ஒரு வாரம் ஆவதும் சாதாரணம்.

சரி, இந்த வழியை யார் கண்டுபிடிப்பது? அனுப்புகிறவர்தான். உலகம் முழுவதும் எல்லோருக்கும் தெரிந்த சில பெரிய கணினிகள் இருந்தன. அங்கிருந்து தன் வீட்டுக்கு எப்படி வருவது என்று மட்டும் ஒருவர் தன் முகவரியில் எழுதுவார். அங்கேவரை எப்படிப் போவது என்பது எழுதுகிறவர் பாடு. "பேருந்து நிலையத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்" என்போமே, அதே முறை. தாளில் நெளிவு அடைப்புக்குறிக்குள் இரண்டு மூன்று பெயர் காற்புள்ளியோடு இருந்தால் "இவற்றில் ஏதாவது ஒன்றைப் பிடித்து வா" என்று பொருள்.

அந்தப் பெரிய பெயர்கள் மூன்று நான்கைத் தெரிந்துவைத்துக்கொண்டால் இடமும் காலமும் பிடிபடும். ஐஎச்என்பி4 என்பது இல்லினாயில் பெல் லேப்ஸின் இந்தியன் ஹில் வளாகத்துக் கணினி. பெயரைப் பார்த்து நம் நாட்டு விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள், அவள் நினைத்தாள். டெக்வேக்ஸ், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்துடையது. யூசிபிவேக்ஸ், பெர்க்லி பல்கலைக்கழகத்துடையது. எம்சிவேக்ஸ், ஆம்ஸ்டர்டாமில் கணித மையத்துடையது, ஐரோப்பாவின் வாசற்படி. சைஸ்மோ என்பது வர்ஜீனியாவில் நில அதிர்வு ஆய்வு மையத்தின் கணினி. பூகம்பத்தைக் கவனிக்கவேண்டிய இடம் அட்லாண்டிக் கடல் தாண்டும் கடிதத்தையெல்லாம் சுமந்துகொண்டிருந்தது. அந்தச் சுமையை அங்கிருந்த ரிக் ஆடம்ஸ் 1987-ல் யூயூநெட் என்று தனி அமைப்பாகவே ஆக்கினார். ஆகவே பாதையில் "யூயூநெட்" என்று கண்டால் 1987 அல்லது அதற்குப் பின். "சைஸ்மோ" என்றால் பெரும்பாலும் அதற்கு முன்.

இன்னொன்றையும் கவனிப்பேன். பேங் பாதையில் இடைப்பட்ட ஒவ்வொரு கணினிக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு, தொலைபேசிக் கட்டணம் கட்டுபவர் அவர்தான். அடுத்தவர் கடிதத்தைச் சும்மா சுமந்துபோக அவர் சம்மதித்திருக்கிறார் என்றால் நட்போ கடமையோ இருந்திருக்கும். பேராசிரியரின் முகவரி வலப்பக்கம் மாறவேயில்லை, இடப்பக்கம் மட்டும் ஒரு கட்டத்தில் ஒரு பெயர் போய் வேறொரு பெயர் வந்தது. அந்தப் பெயர்க் கணினி இருந்த பல்கலைக்கழகத்தில்தான் அவருடைய அடுத்த கட்டுரையின் கூட்டாசிரியர் இருந்தார். அட்டவணையில் இதையும் ஒரு வரி எழுதிவை என்று சொன்னேன்.

பிறகு இந்த வழி தேடும் வேலையைச் செய்ய பாத்அலையஸ் என்று ஒரு நிரல் வந்தது. பீட்டர் ஹனிமேனும் ஸ்டீவன் பெல்லோவினும் எழுதியது. எந்தக் கணினி எதை எத்தனை தடவை கூப்பிடும் என்ற வரைபடத்தைக் கொடுத்தால், குறைந்த செலவு வழியைச் சொல்லும். மணிக்கொருதரம் பேசும் தொடர்புக்குச் செலவு எண் 500, மாலையில் பேசுவதற்கு 1800, நாளுக்கொருதரம் என்றால் 5000, வாரம் ஒருமுறை என்றால் 30000. நாளுக்கு 24 மணி நேரம், அப்படியானால் 500-ஐ 24-ஆல் பெருக்கி 12000 அல்லவா வரவேண்டும் என்று அவள் கேட்டாள், நல்ல கேள்வி. ஒவ்வொரு தாவலிலும் கடிதம் சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. அதனால் தாவல் அதிகமுள்ள வழி கொஞ்சம் தண்டனை பெறட்டும் என்று பத்து மடங்கோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது கணக்குப் பாருங்கள். மணிக்கொருதரம், மாலை, நாளொருதரம் என்ற மூன்று தாவல் வழி 7300. மணிக்கொருதரம் பேசும் ஐந்து தாவல் வழி 2500. நிரல் நீண்ட வழியைத்தான் எடுக்கும். பெட்டியில் ஒரே ஆளுக்குப் போன இரண்டு கடிதத்தில் ஒன்று சுற்றிவளைத்துப் போயிருந்தால் வழி தெரியாமல் போனதாக நினைக்கவேண்டாம், பெரும்பாலும் தெரிந்தேதான்.

தாளின் தலையில் "ஃப்ரம்... ரிமோட் ஃப்ரம்..." என்று வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் கீழிருந்து மேலாக வாசியுங்கள். ஒவ்வொரு கணினியும் தன் முத்திரையை மேலே குத்தும், கடைசியாகத் தொட்டது உச்சியில் இருக்கும். பின்னால் வந்த "ரிசீவ்ட்" வரிகளுக்கும், இன்று உங்கள் ஜிமெயிலுக்கும்கூட, இதே விதி. உங்கள் தாளில் மேல்தேதி கிழிந்திருந்தால் இந்த முத்திரைகளில் ஏதாவது ஒன்றில் நாளும் நேரமும் தப்பியிருக்கும், தேடுங்கள். கடிதத்தின் உடலுக்குள் ஒரு வரி "ஃப்ரம்" என்று தொடங்கினால் அதன் முன்னால் ஓர் அம்புக்குறி ஒட்டியிருக்கும். எழுதியவர் போட்டதில்லை அது. ஒரே கோப்பில் பல கடிதங்களை அடுக்கும்போது அடுத்த கடிதம் தொடங்கிவிட்டது என்று கணினி ஏமாறாமல் இருக்கப் போட்டது.

@ ஒரு பக்கம், ! ஒரு பக்கம்

காவிரி!செல்வி@வைகை

இதை எப்படி வாசிப்பீர்கள்? யூயூசிபிக்காரர் இடமிருந்து வருவார்: முதலில் காவிரிக்கு அனுப்பு, "செல்வி@வைகை"யை அது பார்த்துக்கொள்ளும். ஆர்ப்பாநெட்காரர் வலமிருந்து வருவார்: முதலில் வைகைக்கு அனுப்பு, "காவிரி!செல்வி"யை அது பார்த்துக்கொள்ளும். இரண்டும் நேர் எதிர்த் திசை. அப்போதெல்லாம் இரண்டு வகைக் கணினியும் ஒரே கடிதத்தைத் தொட்டதால், பாதி வழியில் திசை மாறிப்போன கடிதங்களுக்குக் கணக்கில்லை. 1986 பிப்ரவரியில் மார்க் ஹார்ட்டன் எழுதிய ஆர்எஃப்சி 976, இப்படி வந்தால் @-க்கே முன்னுரிமை, முதலில் வைகைக்குத்தான் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்துவிட்டால் எல்லோரும் கேட்டுவிடுவார்களா என்ன?

நான் கேட்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம், எங்கள் கணினி அறை. ஒரு மூத்த விஞ்ஞானி மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பவேண்டும். அமைப்பாளர் தன் வீட்டுக் கணினியின் பெயர், ஆச்சரியக்குறி, தன் பெயர், @, பல்கலைக்கழகம் என்று முகவரி கொடுத்திருந்தார். எங்கள் கணினியில் முகவரி மாற்றும் விதிகளை எழுதியது நான், அதில் ஆச்சரியக்குறியைத்தான் முதலில் வெட்டியிருந்தேன். என் கணினி அந்த வீட்டுக் கணினியை உலகம் முழுக்கத் தேடி, வாசற்கணினியிடம் கேட்டு, அது அடுத்ததைக் கேட்டு, எட்டாம் நாள் "அப்படி யாரையும் தெரியாது" என்று கடிதம் திரும்பி வந்தது. கெடு ஏழாம் நாளோடு முடிந்திருந்தது. விஞ்ஞானி எதுவும் சொல்லவில்லை. ஒரு மாதம் என் அறைப்பக்கம் தேநீருக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஆகவே உங்கள் தாளில் இரண்டு குறியும் சேர்ந்து வந்தால், 976 சொன்னபடி வலப்பக்கத்தை முதலில் வாசியுங்கள், பிறகு மேலே உள்ள முத்திரைகளைப் பார்த்துக் கடிதம் நிஜமாகவே அப்படிப் போனதா என்று சரிபாருங்கள்.

இந்தச் சண்டைக்குப் பயந்துதான் % வந்தது. "செல்வி%காவிரி@வைகை" என்றால் கடிதம் வைகைக்குப் போகும். வைகை தன் பெயரை உரித்துவிட்டு, மிச்சத்தில் கடைசியாக உள்ள %-ஐ @ ஆக மாற்றும், "செல்வி@காவிரி" கிடைத்துவிடும். எந்த விதித்தொகுப்பும் அதிகாரபூர்வமாக இதைச் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் செய்தார்கள். பிட்நெட்டுக்கு எழுதியவர்கள் முக்கியமாக. அது 1981-ல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்துக்கும் யேலுக்கும் இடையில் தொடங்கிய ஐபிஎம் கணினிகளின் வலை. எட்டெழுத்துக்குள் அடங்கிய புரியாத பெயர்கள், ".பிட்நெட்" என்று வால், நடுவில் %, கடைசியில் @ போட்டு வாசற்கணினியின் பெயர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எண்பதுகளின் பின்பாதி அல்லது தொண்ணூறுகளின் ஆரம்பம் என்று எழுதலாம்.

மற்றவை சுருக்கமாக. இரட்டை முக்காற்புள்ளி நடுவில் வந்தால் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வலையான டெக்நெட், இடப்பக்கம் கணினி, வலப்பக்கம் ஆள். ஒற்றை முக்காற்புள்ளி வந்து பெர்க்லி சம்பந்தமும் இருந்தால் அந்த வளாகத்துக்குள் ஓடிய பெர்க்நெட். இத்தனை பாஷையும் ஒரே வளாகத்தில் சந்தித்ததால்தான் எரிக் ஆல்மன் அங்கே உட்கார்ந்து சென்ட்மெயில் என்ற நிரலை எழுதவேண்டி வந்தது, அதன் விதிக்கோப்பைப் பார்த்தவர்கள் தூக்கத்தில் அலறியது உண்டு. பிரிட்டன் முகவரி என்றால் தலைகீழாக வாசியுங்கள். அவர்கள் நாட்டை முதலில் எழுதி, பல்கலைக்கழகம், பிறகு துறை என்று போவார்கள், நம் ஊரில் மாநிலம், மாவட்டம், வட்டம் என்று படிவம் நிரப்புவது போல. கணினித் துறைக்கு "சிஎஸ்" என்று கடைசியில் போட்டிருப்பார்கள். செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் அதே இரண்டெழுத்துதான் நாட்டுக்குறி. எந்தப் பக்கம் தலை என்று தெரியாத கணினி என்ன செய்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

குறிகள் காணாமல் போகும் இடம்

பெட்டியில் ஒரு கட்டத்துக்கு மேல் முகவரிகள் சட்டென்று சுருங்கிவிடும். பெயர், @, புள்ளி வைத்த இடப்பெயர், அவ்வளவுதான். வழி எங்கே போனது? 1983-ல் பால் மோக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் என்ற பெயர் முறையைக் கொண்டுவந்தார், ஒரே பட்டியலுக்குப் பதிலாக ஒவ்வொரு நிறுவனமும் தன் கிளையைத் தானே பார்த்துக்கொள்ளும். 1986 ஜனவரியில் கிரெய்க் பார்ட்ரிஜ் எழுதிய ஆர்எஃப்சி 974 அதில் கடிதத்துக்கென்று எம்எக்ஸ் என்ற குறிப்பை எப்படிப் பயன்படுத்துவது என்று சொன்னது: "இந்தப் பெயருக்கு வரும் கடிதத்தை இந்தக் கணினியிடம் கொடு, அது இல்லையென்றால் அடுத்ததிடம்." ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், சின்ன எண்ணை முதலில் முயலவேண்டும். வலைப்பின்னலில் நேரடியாக இல்லாத, ராத்திரி மட்டும் தொலைபேசியில் பேசும் கணினிக்கும் இப்படி ஒரு கௌரவமான முகவரி கிடைத்தது. இந்தியக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கான வலையான எர்நெட் 1986-ல் ஆரம்பித்து, பம்பாயின் என்சிஎஸ்டி என்ற மென்பொருள் ஆய்வு மையத்தை வாசலாக வைத்து வளர்ந்தபோது, ".எர்நெட்.இன்" என்று முடியும் முகவரிகளுக்குப் பின்னால் பல இடங்களில் வெறும் மோடமும் தொலைபேசியும்தான் இருந்தன. வெளியூர்க்காரருக்கு அது தெரியாது. தெரியவும் வேண்டாம்.

கையால் ஒரு தடவை செய்து பாருங்கள்

இவ்வளவு சொன்னபிறகும் அவள் முகத்தில் தெளிவு வரவில்லை. சரி, கணினியைத் திற என்றேன். அவளுடைய லினக்ஸ் மடிக்கணினியில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற கடிதம் அனுப்பும் நிரலை நிறுவினோம், நிறுவும்போது உள்ளூர்ப் பயன்பாடு மட்டும் என்று தேர்ந்தெடுக்காமல் இணையத் தளம் என்பதைத் தேர்ந்தெடுத்தோம். பிறகு டெல்நெட் என்ற தொடர்பு நிரலால் அதே கணினியின் 25-ம் கதவை, அதாவது கடிதத்துக்கென்று ஒதுக்கிய போர்ட்டை, தட்டவேண்டும். வெளிக்கணினிகளின் 25-ம் கதவைத் தட்ட இணைய நிறுவனங்கள் பெரும்பாலும் விடமாட்டார்கள், உங்கள் கணினியில் உங்களுக்குத் தடையில்லை.

220 என்று பதில் வரும். "ஹெலோ" என்று சொல்லி உங்கள் கணினியின் பெயரைச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டல் தவறில்லை, ஒரு எல் தான். எஸ்எம்டிபி என்ற கடிதம் அனுப்பும் விதியைச் சொல்லி 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821-ல் கட்டளைகள் எல்லாம் நான்கெழுத்து, வணக்கமும் அதற்கு அடங்கவேண்டும். 250 வந்தால் "மெயில் ஃப்ரம்", அனுப்புநர். மறுபடி 250. "ஆர்சிபிடி டு", பெறுநர். பத்துப் பேருக்கு என்றால் இந்த வரியைப் பத்துத் தடவை, ஆனால் கடிதம் ஒரே நகல்தான் போகும். எஃப்டிபி காலத்தில் ஆளுக்கொரு நகல் போகவேண்டியிருந்தது, எஸ்எம்டிபி வந்ததன் பெரிய லாபம் அதுதான். பிறகு "டேட்டா". 354 என்று வந்தால் எழுதலாம். முடித்ததும் தனி வரியில் ஒற்றைப் புள்ளி. அபய் பூஷணின் காலத்திலேயே வந்த பழக்கம் அந்தப் புள்ளி. எங்கள் அறையில் ஒரு சக ஊழியர் தானே எழுதிய அனுப்பு நிரலில் இதைக் கவனிக்காமல் விட்டார். கடிதத்துக்கு நடுவில் அலங்காரத்துக்காக யாரோ தனி வரியில் ஒரு புள்ளி வைக்க, கடிதம் அங்கேயே முடிந்துபோனது. கையெழுத்தில்லாத ராஜினாமாக் கடிதம் ஒன்று மேலதிகாரிக்குப் போய்ச் சேர்ந்த கதை அது. உண்மையான நிரல்கள் வரியின் தொடக்கத்துப் புள்ளிக்கு முன்னால் இன்னொரு புள்ளியைச் சேர்த்து அனுப்பும், வாங்குகிற பக்கம் அதை எடுத்துவிடும்.

அடுத்தது பழைய முகவரி. போஸ்ட்ஃபிக்ஸில் இன்றும் இரண்டு அமைப்புகள் உயிரோடு இருக்கின்றன, ஒன்று பேங் பாதையைத் திருப்பிப் போடுவது, மற்றொன்று % தந்திரம். இரண்டும் தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில்தான் வரும். கட்டளை வரியிலிருந்து "காவிரி!செல்வி" என்ற முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பு என்றேன். ஆங்கில எழுத்தில் அடித்தாள். கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் ஷெல் நிரல் உடனே "அப்படி ஒரு நிகழ்வு இல்லை" என்று திட்டியது. ஆச்சரியக்குறி என்றால் பழைய கட்டளையைத் திரும்பக் கூப்பிடுவது என்பது பெர்க்லியின் சி ஷெல்லிலிருந்து வந்த வழக்கம், இன்றைய லினக்ஸ் ஷெல்லான பேஷ் அதை இன்னும் விடவில்லை. எண்பதுகளில் நாங்களும் ஒவ்வொரு குறிக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு (\) போட்டுப் போட்டுத்தான் முகவரி அடித்தோம். ஒற்றை மேற்கோளுக்குள் வைத்து அடி என்றேன்.

போனது. போஸ்ட்ஃபிக்ஸ் தன் வேலையைக் குறித்துவைக்கும் மெயில் லாகைத் திறந்து பார்த்தோம். "செல்வி@காவிரி" என்று திருப்பிப் போட்டிருந்தது. அடுத்த வரியில், காவிரி என்று ஒரு கணினியைக் காணோம் என்று கடிதத்தைத் திருப்பியும் அனுப்பியிருந்தது. இரண்டு வரிக்கும் இடையில் ஒரு நொடிகூட இல்லை. "எட்டு நாள் காத்திருந்தது இதற்குத்தானா சித்தப்பா?" என்று கேட்டுவிட்டு, பெட்டியிலிருந்து அடுத்த தாளை எடுத்தாள்.